பத்தொன்பது குடும்பங்கள்

பதினோராவது முறையும் குழாய் அதே இடத்தில்தான் காய்ந்தது.

ஜெசிந்தா சூடேற்றியை அணைத்துவிட்டு, குழாயின் நடுவே பதித்திருந்த கண்ணாடித் துண்டிலிருந்து முகத்தை விலக்கினாள். மூன்று மீட்டர் நீள எஃகுக் குழாய். ஒரு முனையில் தண்ணீராக நுழைவது வழியெல்லாம் கொதித்து மறுமுனையில் ஆவியும் துளியுமாக வெளியேறும். இரண்டாவது மீட்டரைத் தாண்டி ஒரு சாண் தூரம்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் சுவரின் வெப்பம் முந்நூறு டிகிரியிலிருந்து ஐந்நூறுக்குத் தாவியது. நான்கே நொடி.

"யக்கா, பம்பை இன்னுங் கொஞ்சம் கூட்டி வச்சு ஒருக்கா பாப்பமா?" என்றான் சீனிராஜ். கோவில்பட்டிக்காரன். பம்புகள் எல்லாம் அவன் பொறுப்பு.

"இதுக்கு மேல கூட்டுனா உன் பம்பு எத்தனை மாசம் தாங்கும்?"

கணக்கு அவனுக்கும் தெரியும். பெரிய பம்புகளைப் பூமியில் செய்து முடித்து அனுப்ப இன்னும் மூன்று வருடம்.

நிலாவின் தென்முனையில், மண்ணுக்கு அடியில், தென்கூடம் என்ற அந்தக் குடியிருப்பில் அறுபது பேர் இருந்தார்கள். எல்லாரும் பன்னிரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள். உயிருக்கு ஆபத்தான நோய் வந்தாலொழிய நடுவில் திரும்ப இடம் கிடையாது. ஐந்தாவது வருடம் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தத்தில் இருந்த ஒரே இனிப்பு. அதற்காகத்தான் புதுக் கொதிகலனைக் கட்டி முடித்திருந்தார்கள். அணு உலையின் சூட்டை அதன் குழாய்கள் எவ்வளவு வாங்குகின்றனவோ அவ்வளவு மின்சாரம். அந்த மின்சாரத்தில்தான் காற்று, தண்ணீர், கீரைப் பாத்தி எல்லாம். எத்தனை பேர் மூச்சுவிடலாம் என்பதைக் கடைசியில் அந்தக் குழாய்தான் முடிவு செய்யும்.

பூமியிலிருந்த தலைமை அலுவலகம், குழாய் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான சூத்திரத்தைப் போட்டுப் பார்த்து, நாற்பத்திரண்டு குடும்பங்கள் வரலாம் என்று எழுதிவிட்டது. வேலையில் சேர்ந்த தேதிப்படி நாற்பத்திரண்டு பெயர்களும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. ஒரு மாதமாக யாரும் அந்தச் சுவரைப் பார்க்காமல் சாப்பிட்டதில்லை. கொதிகலனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய வெப்பப் பொறியாளர் ஜெசிந்தா. அவள்தான், ஒரு குழாயை இங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று நின்றாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல," என்றான் சீனிராஜ். "அங்க ஆயிரம் சோதனை பண்ணித்தான சூத்திரம் எழுதியிருக்காவ? அது எப்படித் தப்பாப் போவும்?"

"தப்பு இல்ல சீனி. அங்க அது சரி. தோசைக்கல்லு ரொம்பக் காஞ்சிட்டுன்னா, தண்ணி தெளிச்சா என்ன ஆவும்?"

"முத்து முத்தா ஓடும்."

"ஏன் ஓடுது? துளிக்கும் கல்லுக்கும் நடுவுல ஆவி புகுந்துக்கிடும். துளி கல்லைத் தொடவே தொடாது. சூடும் ஏறாது. குழாயிலயும் அதான். சுவத்த ஒட்டி மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் ஓடுற வரைக்கும் சுவரு தப்பிக்கும். படலம் அத்துப்போனா சுவரு வெந்துரும். பூமியில குமிழி உண்டான ஒடனே சுவத்தை விட்டுக் கெளம்பிரும், அந்த எடத்துக்குத் தண்ணி வந்துரும். இங்க எடை ஆறுல ஒரு பங்கு. குமிழிக்குக் கெளம்ப அவசரமே இல்ல. அங்கனையே ஒட்டிக்கிட்டு, பக்கத்துக் குமிழியோட சேந்து, பாய் விரிச்ச மாதிரி மூடிக்கிடுது."

"அப்ப எவ்வளவு கொறையும்?"

"முப்பத்தேழு சதவீதம்."

சீனிராஜ் அதை ஆட்களாக மாற்றி, ஏற்கெனவே இருக்கும் அறுபது பேரின் பங்கைக் கழித்துப் பார்த்தான். எத்தனை குடும்பம் என்று அவளாகவே சொன்னாள்.

"பத்தொம்பது."

பட்டியலில் அவன் இருபத்தாறாவது. மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கிளம்பி வந்தவன். கையிலிருந்த ஸ்பேனரை அதன் இடத்தில் நிதானமாக மாட்டிவிட்டு அவளைப் பார்த்தான். பார்வையில் கோபம்கூட இல்லை. ஜெசிந்தாவின் பெயர் பதினேழாவது.

குடியிருப்பின் தலைவர் தணிகைவேல் வேலூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய தாள்களை இரண்டு தடவை படித்தார்.

"பாருங்கம்மா, இந்த மாதிரி சூத்திரம் எதுவுமே துல்லியம் கிடையாதுன்னு நீங்கதான் சொல்வீங்க. முப்பது சதவீதம் முன்னே பின்னே இருக்கும்னு அவங்களே எழுதியிருக்காங்க. நீங்க ஓட்டிப் பாத்தது ஒரே ஒரு குழாய். கொதிகலன்ல எழுநூறு குழாய் இருக்கு."

"எழுநூறும் அதே குழாய்தான் சார்."

"சரி, நடுவுல ஒரு எண்ணைப் போடுங்க. முப்பது குடும்பம். அவங்களுக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி."

"ஒரு குழாய் வெந்து பொத்துக்கிட்டா உலையை நிறுத்தணும் சார். பேட்டரி முப்பது மணி நேரம். ஆளுங்களை ஏத்திட்டுப் போகக் கப்பல் வர்றதுக்கு ஆறு வாரம். குழந்தைகளை வேற இங்க கொண்டாந்து வச்சிருப்போம்."

தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. வெளியில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? பத்தொன்பதுன்னா உங்க வீட்டுக்காரர் வந்துடறார். எண்ணை எங்க நிறுத்தியிருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியுது."

அது முழுப் பொய் என்று அவளால் தள்ள முடியவில்லை. முதல் தடவை பத்தொன்பது என்று விடை வந்தபோது, பட்டியலில் இருபத்துமூன்று குடும்பங்கள் கீழே விழுவதைப் பார்ப்பதற்கு முன்னால், பதினேழு தப்பித்துவிட்டது என்றுதான் அவள் மனம் துள்ளியது. அந்தத் துள்ளலுக்காகத்தான் மறுபடி மறுபடி பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தாள்.

வாரத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு நிமிடம், தூத்துக்குடியோடு பேசலாம். ஒரு சொல் போய்ச் சேர ஒன்றேகால் நொடி, பதில் வர இன்னொரு ஒன்றேகால். நான்கு வருடத்தில் அந்த இடைவெளி அவளுக்குப் பழகிவிட்டது. அதில் அவள் கண்ணை மூடிக்கொண்டு பின்னணிச் சத்தங்களைக் கேட்பாள். அவள் கணவன் கிளிட்டஸ் அங்கே துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின்களைப் பழுதுபார்க்கிறவன். அவன் பட்டறையின் சத்தத்தில் எந்த என்ஜின் சரியாக ஓடுகிறது, எது இருமுகிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

அன்று எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "என்னங்க, நம்ம பேரை அடிச்சிரலாம்னு நெனைக்கேன்," என்றாள். "அப்பத்தான் இந்த எண்ணை நம்புவாங்க. இல்லன்னா முப்பதுன்னு போட்டுருவாங்க. முப்பதுன்னா குழாய் தாங்காது."

ஒன்றேகால் நொடி போனது. இன்னொரு ஒன்றேகாலும் போனது. அதற்கு மேலும் சத்தம் இல்லை.

"கேக்குதா?"

"கேக்கு," என்றான் கிளிட்டஸ். "அடிச்சிரு ஜெசி. நீ செய்யது சரிதான்."

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். நாலு வருசம் நான் ஒத்தையில பிள்ளையை வளத்தது ஒனக்குக் கணக்குல வரலியா என்று கத்துவான், தானும் அழலாம் என்று இருந்தாள். அவன் இவ்வளவு பெரிய மனதோடு ஒத்துக்கொண்டதில் அவளுக்கு அழக்கூட வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். அறுபது பேரும் வந்திருந்தார்கள். ஜெசிந்தா எண்ணைச் சொல்லி முடித்ததும் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து சீனிராஜ் எழுந்தான்.

"அக்கா, நான் கூட நின்னு பாத்தேன். குழாய் காஞ்சது நெசம். ஆனா எந்த அளவுல காயிதுன்னு மீட்டரைப் படிச்சு எழுதுனது நீங்க. பதினாறுன்னு வந்திருந்தா இப்படி நின்னு சொல்லுவியளா?"

யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

ஜெசிந்தா சுவரண்டை போனாள். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, பதினேழாவது வரியில் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த கிளிட்டஸ், மகள் ரின்சி என்ற இரண்டு பெயர்கள் மீதும் கோடு போட்டாள். கோடு கோணலாக இறங்கி, கீழே இருந்தவனின் பெயரையும் தொட்டது.

"தலைமை அலுவலகத்துக்கும் எழுதிட்டேன்," என்றாள். "அடுத்த பட்டியல்லயும் கடைசியில போடச் சொல்லியிருக்கேன். இப்ப சொல்லுங்க. எண்ணு பத்தொம்பதுதான்."

சீனிராஜ் உட்கார்ந்துவிட்டான். தணிகைவேல் தாளை வாங்கிக் கையெழுத்திட்டார்.

ஒன்பது நாள் கழித்து அவளுடைய கடிதத்துக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. 'தங்கள் கோரிக்கை மீது நடவடிக்கை ஏதும் தேவைப்படவில்லை. மேற்படி குடும்பத்தினரின் விண்ணப்பம் ஏழு மாதங்களுக்கு முன்பே அவர்களால் திரும்பப் பெறப்பட்டுவிட்டது எனத் தெரிவிக்கப்படுகிறது.'

விலகியவர்களின் பெயரை இறுதிப் பட்டியல்வரை நீக்குவதில்லை என்பது அலுவலக விதி. ஆகவே சுவரில் இருந்த பெயர் அப்படியே இருந்திருக்கிறது. அவள் அந்த இரண்டு வரியையும் கொதிகலன் அறையில் நின்றபடி படித்தாள். ஏழு மாதம் என்றால் முப்பது தொலைபேசி அழைப்புகள். ஒவ்வொன்றிலும் ரின்சிக்கு எந்தப் பக்கத்துப் படுக்கை என்று அவள் பேசியிருக்கிறாள்.

அடுத்த அழைப்பில் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

அவன் எதையும் மறுக்கவில்லை. "வாரா வாரம் சொல்லணும்னுதான் போனை எடுப்பேன் ஜெசி. நீ படுக்கையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவ."

"என்ன நடந்துச்சு?"

"ரின்சியை மருத்துவச் சோதனைக்குக் கூட்டிட்டுப் போனேன்ல. அந்தச் சின்ன அறைக்குள்ள ஒரு மணி நேரம் அடைச்சு வச்சுப் பாத்தாங்க. வெளிய வந்தவ வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவைத் திறந்து வச்சிட்டு அதுலயே உக்காந்துட்டா. கதவைத் திறந்து வெளிய போவ முடியாத ஊருக்கு நான் வரமாட்டேன்னு சொல்லிட்டா." சற்று நிறுத்தினான். "அவளை மட்டும் சொல்லப்படாது. நான் பேசியிருந்தா வந்திருப்பா. நான் பேசல. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

அவள் கண்ணை மூடிப் பின்னணிச் சத்தங்களைக் கேட்டாள்.

"ரின்சி பக்கத்துலதான் இருக்கா. பேசுதியா?"

மூச்சு ஒன்று கேட்டது. ஏழு வயதில் விட்டு வந்த மகளின் மூச்சு அல்ல. பதினொரு வயதுப் பெண்ணின் மூச்சு.

"அம்மா, கோவமா?"

"இல்லடா."

"எனக்கு உன் முகம் ஞாபகம் இருக்கும்மா. வீடியோல பாக்கேன்ல. உன் வாசனைதான் மறந்துட்டு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், வரவே இல்ல. அன்னைக்கு வாசல்ல உக்காந்து அதுக்குத்தான் அழுதேன். அப்பாட்ட வேற காரணம் சொன்னேன்."

மீதமிருந்த நிமிடங்களில் ரின்சி பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும்போதெல்லாம் ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். தேநீர் ஊற்றுகிறவர் அவள் குவளையை மட்டும் நிரப்பி வைத்தார். சீனிராஜ் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று, அந்த இரண்டு வரியையும் வாசித்தாள்.

"அன்னைக்குக் கோடு போட்டப்ப எனக்கு இது தெரியாது," என்றாள். "ஆனா நான் விட்டுக்குடுத்ததா நீங்க நெனைக்கது என் கையிலயே இல்லாத ஒண்ணு. அதை வச்சுத்தான் என் எண்ணை நம்புனீங்க. இப்ப நம்பலன்னா, குழாயை மறுபடி ஓட்டுதேன். நீங்களே வந்து மீட்டரைப் படிச்சுக்கோங்க."

தட்டுகளின் சத்தம் நின்றுவிட்டது. யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தாள். முன்வரிசையில் தணிகைவேல் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"நாலாவது பேரு என்னுது," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "என் சம்சாரம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வரமாட்டேன்னுட்டாங்க. நான் அலுவலகத்துக்கு எழுதல. மனசு மாறும், கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி மாறிடும்னு வச்சிருந்தேன். எழுதிட்டா அது உண்மையாயிடும் இல்ல?" எழுந்து போய்த் தன் பெயரைத் தானே அடித்தார்.

பிறகு காற்றுப் பிரிவில் வேலை பார்க்கும் மெலட்டூர்க்காரர் எழுந்தார். அவர் மனைவி வேறு திருமணம் செய்துகொண்டு ஒரு வருடம் ஆகிறதாம். அவருடன் ஒரே அறையில் இருப்பவனுக்குக்கூட அது தெரியாது. அடுத்து ஒரு பற்றவைப்பாளர். அதற்கடுத்து இருவர் சேர்ந்தாற்போல. ஒவ்வொருவரும் சுவரண்டை போய் அதே பேனாவை வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு என்று கொடி பிடித்தவர்களில் இத்தனை பேர் யாரும் வராத இடத்துக்காகப் பிடித்திருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்தபோது, சீனிராஜின் பெயருக்கு மேலே, ஜெசிந்தாவுடையதையும் சேர்த்து, ஆறு பெயர்கள் போயிருந்தன. சீனிராஜ் விரலை வைத்து எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"இருவதாவது ஆள் அக்கா நான்," என்று சிரிக்கப் பார்த்தான். "ஒண்ணு இடிக்கு."

"ஒண்ணுதான, அதுக்கு இடம் இருக்கும்னு சொல்லட்டுமா?" என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. குடும்பத்துக்கு மூன்று பேர் என்பது கணக்கு. மொத்தத்தில் நூற்றில் இரண்டரை பங்கு. அவளுடைய மீட்டர் அந்த அளவுக்குத் துல்லியம் கிடையாது. அவனும் அவள் முகத்தில் அதைப் படித்திருக்க வேண்டும்.

"சொல்லாதீய," என்றான். "நான் கேக்கல."

மறுநாள் காலை பணிக்கு வந்தவர்கள் பார்த்தபோது ஒன்பதாவது வரியிலும் ஒரு கோடு இருந்தது. தேநீர் ஊற்றுகிறவரின் பெயர் அது. ஏன் என்று கேட்டவர்களிடம் அவர் குவளையை நீட்டினார்.

ஐந்து மாதம் கழித்துக் கப்பல் இறங்கியது. எல்லாரும் வரவேற்கப் போயிருந்ததால் கொதிகலன் அறையில் ஜெசிந்தா தானாகக் கேட்டு வாங்கிய பணியில் இருந்தாள். ஐம்பத்தேழு பேரின் சுமை ஒவ்வொன்றாக ஏற ஏற, சுவர் வெப்பத்தின் முள் மெல்ல நகர்ந்து, முந்நூற்றுப் பதினொன்றில் நின்றது. அரை மணி நேரம் அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது அசையவில்லை. நாற்பத்திரண்டு குடும்பங்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கும்தான்.

நடைக்கூடத்தில் குழந்தைகளின் சத்தம் கேட்டது. அந்தச் சுவர்கள் முதல்முறையாக அதை எதிரொலித்தன. அவள் காதைக் கொடுத்தாள். அதில் பதினொரு வயதுக் குரல் ஏதும் இருக்கிறதா என்று தேடுவதை அவளால் நிறுத்த முடியவில்லை.

கதவு திறந்தது. சீனிராஜ். அவனுக்குப் பின்னால், அவன் சட்டை நுனியைக்கூடத் தொடாமல், தள்ளி நின்றது ஒரு சின்னப் பெண். ஐந்து வயது இருக்கும். பயணத்தில் கசங்கிய கவுன்.

"உங்களுக்குக் காட்டணும்னு கூட்டியாந்தேன் அக்கா," என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "எங்கிட்ட வரமாட்டேங்கா. தூக்கப் போனா அவங்க அம்மா பின்னால ஒளிஞ்சிக்கிட்டா. மாமான்னு கூப்பிடுதா அக்கா என்னைய."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைய, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழந்தை அவனை விநோதமாகப் பார்த்தது.

ஜெசிந்தா குனிந்து அந்தப் பெண்ணின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். விரல்களை எடுக்க மனம் வரவில்லை.

"கூப்பிடட்டும் சீனி," என்றாள். "இங்கதான இருக்கா."